மருந்துலகின் மறக்கப்பட்ட மேதை டாக்டர் சுப்பாராவ்

பரீட்சையில் தோற்றவர் வாழ்க்கையிலும் தோற்றவரே என்று எண்ணுவோர் நம்மில் பலர் உண்டு. அவ்வெண்ணம் தவறு என்பதற்குச் சான்றாக விளங்குபவர் டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறிய அவர்தாம் பிற்காலத்தில் புற்றுநோய் மருத்துவத்தில் புதியதொரு வழியைத் திறந்து வைத்தார். அவர் வாழ்வையும் அவ்வழியையும் இங்கே காண்போம்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். வறுமை அவர் குடும்பத்தை வாட்டியது. இளம் வயதிலேயே தந்தையையும் இழந்தார். ஆயினும் மனந்தளராமல் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறை தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் மாமனாரின் பொருளுதவியால் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து வந்ததால் பேராசிரியர் ஒருவரின் கோபத்துக்கு ஆளானார். அதனால் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதற்கிடையே ஸ்புரூ என்னும் கொடிய குடல் நோய் அவருடைய சகோதரர் இருவரை அடுத்தடுத்துப் பலிகொண்டது. அந்நோய் சுப்பாராவையும் பற்றியது. அவர் அரிதாகவே உயிர் தப்பினார். இத்தகைய நோய்களுக்கு மருந்து காண வேண்டும் என்ற உறுதி அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1923ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். தாயையும் மனைவியையும் பிரிந்து சென்ற அவர், பிறகு ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. கையில் பணமில்லாததால் இரவில் மருத்துவமனையில் ஏவல் வேலை செய்துகொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே ஃபிஸ்க் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, உயிரணுக்களுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளை 1929ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

1940ஆம் ஆண்டு அவர் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையிலான குழுவினர் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கை முறையில் தயாரித்தனர். அவருடைய சகோதரரைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அக்கூடத்தில் பிறந்ததே.

பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் என்பவர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, இன்னும் விரைந்து வளர்ந்தது! அப்படியாயின் அவ்வமிலத்தைத் தடுத்தால் நோய் தளரும் அன்றோ? சுப்பாராவின் குழுவினர் அமினோப்டெரின் என்ற மருந்தை ஆக்கித் தந்தனர். அது ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமளிக்கும் பொய் இரை. உயிரணு பெருக வேண்டுமானால் டி.என்.ஏ.வை உண்டாக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தித் தரும் நொதி ஒன்று வேண்டும். பொய் இரை அந்நொதியின் வாயை அடைத்துவிடும். 1948ஆம் ஆண்டு வெளியான அறிக்கையின்படி 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் குறைந்தது. ஆனால் அந்நலம் நீடிக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது.

இதில் இன்னொரு குறையும் இருந்தது. தனுஷ்கோடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். வேண்டிய மீனோடு குஞ்சு மீனும் நண்டும் சொறியும் சேர்ந்தே கரையேறும். அதுபோல, சுப்பாராவின் மருந்து ஒரே நொதியைக் குறிவைத்தாலும் அந்நொதி நல்ல உயிரணுக்களிலும் இருந்தது. ஆகவே விரைவாகப் பெருகும் எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் ஆகியவற்றின் உட்பரப்பும் துன்புற்றன.

பின்வந்த அறிஞர் ஒரு மீனுக்கென்றே அமைந்த தூண்டிலைத் தேடினர். ஒருவகை இரத்தப் புற்றுநோயில், நோயுற்ற உயிரணுவில் மட்டுமே பிறக்கும் கெட்ட நொதி ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு வழக்கத்துக்கு வந்த இமாட்டினிப் மாத்திரை அதனை முடக்குகிறது. எதிர்ப்பொருள் மருந்துகளோ வேறு விதம். நம் இரத்தம் கிருமிகளை அடையாளம் காண உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைப் போன்றவை அவை. ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு வளர்க்கும் முறையை கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் 1975ஆம் ஆண்டில் கண்டனர். மார்பகப் புற்றுநோய்க்கு 1998ஆம் ஆண்டு வந்த டிராஸ்டுசுமாப், உயிரணுவின் மேலுள்ள ஹெர்-2 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, பெருகுக என்னும் கட்டளையைத் தடுக்கிறது. நோயணுவை அழிக்குமாறு உடலின் காவற்படையையும் அழைக்கிறது. ஆனால் அப்புரதம் மிகுந்திருப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடமே. எனவேதான் முதலில் சோதனை, பிறகே மருந்து. இம்மருந்துகளுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. ஆகவே மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் காண சுப்பாராவ் இல்லை. 1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், தம் 53ஆம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார். நூற்றாண்டு விழாவின்போது 1995ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அன்று அந்த 10 குழந்தைகளுக்குக் கிடைத்தவை சில மாதங்களே. இன்றோ, நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் அவ்வகை இரத்தப் புற்றுநோயிலிருந்து பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அவர்களுக்குத் தரப்படும் மருந்துகளுள் ஒன்றான மெத்தோட்ரெக்சேட், சுப்பாராவின் ஆய்வுக்கூடம் தந்த மற்றொரு பொய் இரையே. அரைகுறை வெற்றியும் வீணாவதில்லை. அது பின்வருவோர் ஏறும் படியாகும். தேர்வை எதிர்நோக்கி நிற்கும் நாமும் இதனை நெஞ்சில் நிறுத்தி உழைப்போமாக!