ஹாண்டல் என்னும் இசைப்புலவர்

மேசியா என்னும் இசைநூலின் அல்லேலூயாப் பாடல் தொடங்கியவுடன் அவையோர் அனைவரும் எழுந்து நிற்கும் வழக்கத்தை நம் வாசகர் அறிவர். அதனை இயற்றிய ஜார்ஜ் பிரெடெரிக் ஹாண்டலை மேனாட்டுச் சங்கீத வித்துவான்களுள் ஒருவரென்றே நாம் பெரும்பாலும் போற்றி வருகிறோம். ஆயின் அந்நூல் முதன்முதல் அரங்கேறியது, கடனுக்காகச் சிறைப்பட்டோரை மீட்கவும் ஏழை நோயாளரைப் பேணவும் பொருள் திரட்டும் பொருட்டே என்பதை அறிந்தோர் சிலரேயாவர். ஏழை மாணவர் நிதிக்கென்றும் புயல் வெள்ள நிவாரணத்துக்கென்றும் நாடகமும் கச்சேரியும் நடத்தும் நம் மாணவர்க்கு இவர் சரித்திரம் பயன்படுமென்றெண்ணி இதனை எழுதப் புகுந்தோம்.

ஹாண்டல் ஜெர்மனி தேசத்து ஹல்லே நகரில் 1685-ம் ஆண்டு பெப்ருவரி மாதம் 23-ந் தேதி பிறந்தார். தந்தையார் சவரத்தொழிலும் இரணசிகிச்சையும் ஒருங்கே செய்தவர். அக்காலத்தில் அவ்விரண்டும் ஒரே தொழிலாகவே கருதப்பட்டன. மகன் பிறந்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். சங்கீதத்தால் வயிறு நிரம்பாதென்பது அவர் கொள்கையாதலின், மைந்தனைச் சட்டம் பயிற்றவே விரும்பினார். வைசன்பெல்ஸ் கோமகன் சிறுவனுடைய வாசிப்பைக் கேட்டு வியந்து தந்தையாருக்குப் புத்தி கூறிய பின்னரே, ஸாக்கோ என்னும் ஆசிரியரிடம் முறையாகப் பயிலும் பேறு அவனுக்கு வாய்த்தது.

1706-ம் ஆண்டளவில் அவர் இத்தாலி சென்றார். ரோமாபுரியில் ருஸ்போலி பிரபுவின் மாளிகையில் ஞாயிறுதோறும் புலவரும் பாடகரும் கலாரசிகரும் கூடுவது வழக்கம். அக்கூட்டங்களுக்கென்று ஹாண்டல் பல பாடல்களுக்கு இசையமைத்தார். கவியும் இசையும் ஓரவையிற் கூடி ஒன்றையொன்று வளர்க்கும் விதத்தை அவர் நன்கு கண்டுகொண்டது அங்கேதான் என்பது எமது எண்ணம்.

பின்னர் அவர் லண்டன் மாநகரை அடைந்தார். 1711-ல் அவருடைய ரினால்டோ என்னும் இசைநாடகம் அங்கே பெரும்புகழ் பெற்றது. அந்நகரில் கிளர்க்கன்வெல் என்னுமிடத்தே தாமஸ் பிரிட்டன் என்னும் கரிவியாபாரி ஒருவர் இருந்தார். பகலெல்லாம் கரிமூட்டையை முதுகிற் சுமந்து தெருத்தெருவாய் விற்கும் இவர், தமது கரிக்கிடங்கின் மேலிருந்த தாழ்ந்த அறையொன்றில் 1678 முதல் வியாழக்கிழமைதோறும் கச்சேரி நடத்தி வந்தார். வெளிப்புறத்து ஒடுங்கிய படிக்கட்டின் வழியே ஏறித்தான் அவ்வறைக்குட் புகவேண்டும். பிரபுக்களும் சீமாட்டிகளும் அங்ஙனமே ஏறிச் சென்று, கரித்தூள் படிந்த கையையுடையார் பக்கத்தே அமர்ந்து கேட்டனர். ஹாண்டலும் அங்கே வாசித்தாரென்பர். 1714-ல் பிரிட்டன் இறக்கும் வரை இக்கூட்டம் நிகழ்ந்தது. ருஸ்போலியின் மாளிகைக்கும் இக்கரிக்கிடங்குக்கும் எத்துணைத் தூரம்! இரண்டிலும் பழகியவரே நம் ஹாண்டல்.

நிற்க. இத்தாலிய பாஷையில் இயற்றப்பட்ட இசைநாடகங்களை நடத்துவதிலேயே அவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டார். பாடகரின் பிணக்கும் போட்டி நாடக சபையும் அவரை வருத்தின. பிரபுக்களின் ஆதரவும் நிலையாயிருக்கவில்லை. 1737-ல் வாதநோய் கண்டு வலக்கை முடங்கிற்று. வெந்நீரூற்றுகளுக்குப் பேர்போன ஆகென் நகருக்குச் சென்று தேறி மீண்டார்.

அடுத்த ஆண்டிற்றான் அவர் வாழ்வின் வேறொரு பகுதி தொடங்கியதெனலாம். கைட்ச் என்பவர் ஒருகாலத்தில் ஹாண்டலின் வாத்தியக் குழுவிலிருந்த ஓபோ வித்துவான். அவர் வறுமையில் இறந்தபின், அவருடைய புதல்வர் இருவர் லண்டன் தெருவிலே பாற்கழுதைகளை ஓட்டிச் செல்வதைச் சங்கீத வித்துவான்கள் மூவர் கண்டு மனமுருகினர். அதன் பயனாக 1738-ல் நலிந்த வித்துவான்களையும் அவர் குடும்பத்தாரையும் காக்கும் நிதியொன்று ஏற்பட்டது. ஹாண்டல் அதில் அங்கத்தினராகி, 1739-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், டிரைடன் என்னும் புலவரின் கவிக்குத் தாம் இசையமைத்த அலெக்சாந்தரின் விருந்து என்பதை அந்நிதிக்கென்றே நடத்திக் கொடுத்தார்.

1741-ம் ஆண்டு ஆகஸ்டு 22 முதல் செப்டம்பர் 14 வரை, இருபத்துநான்கே நாட்களில், ஹாண்டல் மேசியாவுக்கு இசையமைத்தார். அதன் வாசகங்களை வேதாகமத்தினின்று தொகுத்துக் கொடுத்தவர் சார்லஸ் ஜெனன்ஸ் என்னும் கனவான். இஃது ஒரட்டோரியோ என்னும் வகையைச் சேர்ந்தது. வேடமும் காட்சித்திரையுமின்றி, பாடகர் நின்றபடியே வேதப்பொருளைப் பாடுவது. அவ்வாண்டு நவம்பரில் அவர் அயர்லாந்து தேசத்து டப்ளின் நகருக்குச் சென்றார். அந்நகரத்தார் கச்சேரி வைத்து ஆஸ்பத்திரிகளையும் சிறைக்கைதிகளையும் ஆதரிப்பதில் முன்னரே பழகியவர்கள். எனினும் இடையூறு நேராமலில்லை. கலிவரின் யாத்திரையை எழுதிய சுவிப்ட் அப்போது தூய பட்ரிக் பேராலயத்தின் தலைவராயிருந்தார். முதுமையால் அறிவு தளர்ந்திருந்த அவர், தம் ஆலயப் பாடகர் பிடில்காரர் கூட்டத்திற் சேர்தலாகாதென்று தடுத்தார். முடிவில் அத்தடை நீங்க, இரு பேராலயங்களின் பாடகரும் வந்து பாடினர்.

1742-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி நண்பகலில் பிஷாம்பிள் தெருச் சங்கீத மண்டபத்தில் மேசியா அரங்கேறிற்று. இடம் போதாதென்று அஞ்சிய நிர்வாகிகள், சீமாட்டிகள் வளையம் வைத்த அகன்ற பாவாடையின்றியும் கனவான்கள் உடைவாளின்றியும் வருமாறு பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொண்டனர். அவரவர் ஆடம்பரத்தைச் சற்றே குறைத்தமையால், அறுநூறு பேருக்கான மண்டபத்தில் எழுநூறு பேர் இடம் பெற்றனர். சேர்ந்த தொகை ஏறக்குறைய 400 பவுன். அது கடன்பட்ட கைதிகளுக்கும், மெர்சர் ஆஸ்பத்திரிக்கும், தரும வைத்தியசாலைக்கும் மூன்று கூறாகப் பகிரப்பட்டது. அத்தொகையால் 142 பேர் சிறைநீங்கி வீடு சேர்ந்தனரென்பது வரலாறு. சிலுவைப்பாட்டைப் பாடிய சிபர் அம்மையார், வழக்கொன்றால் நேர்ந்த பழியால் லண்டனில் தலைகாட்ட நாணி அங்கு வந்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தகும்.

லண்டனிலோ 1743-ல் மேசியாவுக்கு அத்தகைய வரவேற்பில்லை. தேவவாக்கை நாடகக் கொட்டகையில் கூத்தாடிகள் பாடுவதா என்று பக்திமான்கள் முணுமுணுத்தனர். அம்முணுமுணுப்பை அடக்கியது வாதமன்று. அநாதைக் குழந்தைகளின் ஆலயமேயாம். தாமஸ் கோரம் என்னும் கப்பற்றலைவர், தெருவோரத்தில் எறியப்பட்டு மடியும் சிசுக்களைக் கண்டு பொறாராய்ப் பல்லாண்டு முயன்று 1739-ல் அரசரிடம் சாசனம் பெற்று ஓர் இல்லம் நிறுவினார். இடத்தினும் குழந்தைகள் மிக்கமையால், தாய்மார் ஒரு பையில் கைவிட்டுப் பந்தெடுக்க வேண்டுமென்று விதி ஏற்பட்டது. வெள்ளைப்பந்து வந்தாற் குழந்தைக்கு இடமுண்டு. சிவப்பு வந்தாற் காத்திருத்தல் வேண்டும். கறுப்பு வந்தால் திரும்பிப் போகவேண்டியதே. அந்தோ! பணமிருந்திருப்பின் அப்பையில் கறுப்புப்பந்து எதற்கு?

ஓவியர் ஹோகார்த்தும் அவர் நண்பரும் தம் படங்களை அவ்வில்லத்துக்கு நன்கொடையாக அளித்தனர். அவற்றைக் காணவந்த செல்வர் குழந்தைகளையும் கண்டனர். 1749-ம் ஆண்டு மே மாதத்தில், முற்றுப்பெறாத ஆலயத்தைக் கட்டி முடிக்க ஹாண்டல் ஒரு கச்சேரி நடத்தினார். மறு ஆண்டு மே முதல் தேதி, தாம் அளித்த ஆர்கன் வாத்தியத்தைத் தொடங்கும் முகத்தால் மேசியாவை அங்கே நடத்தினார். இடமின்றித் திரும்பினோர் மிகப் பலராதலின், அது 15-ந் தேதி மீண்டும் நடைபெற்றது. அவ்வில்லத்தார் அவரைத் தம் நிர்வாகிகளுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தனர். அதுமுதல் ஆண்டுதோறும் மேசியா அங்கே பாடப்பட்டது. அவர் காலத்துக் கச்சேரிகளால் மட்டும் ஏறக்குறைய 7,000 பவுன் சேர்ந்தது. கொட்டகையில் கேட்கக் கூசியவர்கள் ஆலயத்திற் கண்ணீருடன் கேட்டனர். தருமம் இசைக்குப் பட்ட கடனைப்போலவே இசையும் தருமத்துக்குக் கடன்பட்டதென்பதை மறுப்பதற்கில்லை. இல்லத்தார் மேசியாவைத் தமக்கே உரியதாக்கும் சட்டமொன்று வேண்டிப் பார்லிமெண்டுக்கு மனு எழுதியபோது, ஹாண்டல் இசையாராதலின் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இவரைக் குற்றமற்ற அடியாரென்று நாம் சொல்ல வரவில்லை. முன்கோபியும் பெருந்தீனிக்காரருமாயிருந்தாரென்பது பொறுக்கத்தக்கது. ஆயின் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விற்ற ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியின் பங்குகள் 1720-ம் ஆண்டளவில் அவர் வசம் இருந்தனவென்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கணக்கேடுகளிற் கண்டறிந்துள்ளனர். பிற்காலத்தில் 142 கைதிகளின் விலங்கு நீங்கக் காரணராயிருந்தவரின் பணம் அவ்வாணிகத்திலும் ஒருகாற் புழங்கியதே. இவ்விரண்டும் ஒருவர் சரித்திரமேயாதலின், ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் எழுத நமக்கு மனமில்லை.

1751-ல் ஜெப்தா என்னும் நூலை இயற்றுகையில் அவர் கண்ணொளி குன்றத் தொடங்கிற்று. சிகிச்சைகள் பலிக்கவில்லை. பார்வையை முற்றும் இழந்த பின்னும் ஆர்கன் முன்பு கொண்டுவந்து அமர்த்தப்பெற்று வாசித்து வந்தார். 1759-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி நடந்த மேசியாக் கச்சேரிக்குச் சென்று வந்தவர், பின்னர்ப் படுக்கையினின்று எழவில்லை. மரணத்துக்கு மூன்று நாள் முன்பு எழுதுவித்த மரணசாசன இணைப்பில் நலிந்த வித்துவான்களின் நிதிக்கு 1,000 பவுன் வைத்தார். மேசியாவின் சுத்தப்பிரதியொன்றும் வாத்தியக்காரருக்குரிய ஏடுகளும் அநாதைக் குழந்தைகளின் இல்லத்தைச் சேர வேண்டுமென்று முன்னரே எழுதியிருந்தார். ஏப்ரல் 14-ந் தேதி, உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை, உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டும் குழந்தைகளின் ஆலயத்தில் கச்சேரி நிற்கவில்லை. மே மாதம் 3-ந் தேதி, அவருடைய உதவியாளராயிருந்த ஸ்மித் என்பவர் முன்னின்று நடத்த, மேசியா அங்கே பாடப்பட்டது.