பெயர் இருந்தது, பட்டம் இல்லை!

அறந்தாங்கிக் கோட்டையில் ஒரு காலத்தில் ஆண்டவர்கள் தொண்டைமான்கள். அடுத்திருக்கும் புதுக்கோட்டையில் ஆண்டவர்களும் தொண்டைமான்களே. குலப்பெயரைக் கேட்டதும், வாழையடி வாழையாக வந்த இரத்தம் என்று நம்மவர் மலைத்து நிற்கிறார்கள். மலைப்பதற்கு முன், புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் வாழ்வைச் சற்றே பார்ப்போம்.

1875-ல் பிறந்தபோது அவர் தொண்டைமான் அல்லர். தந்தை பல்லவராயர். தாயைப் பெற்ற பாட்டனார் இராமச்சந்திரத் தொண்டைமான், பட்டத்துக்கு வாரிசு வேண்டிப் பேரனையே தத்தெடுத்தார். சடங்கு ஒன்று நடந்தது; பல்லவராயர் வீட்டுப் பிள்ளை தொண்டைமான் ஆகிவிட்டது! 1886-ல், பத்து வயதில், அரியணையும் கிடைத்தது.

1915-ல் மன்னர் மோலி ஃபிங்க் என்னும் ஆஸ்திரேலிய மங்கையை மணந்தார். மறு ஆண்டு மகன் பிறந்தான். பெயர் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். பெற்ற பிள்ளை, குலப்பெயரும் உண்டு. ஆயினும் வெள்ளை அரசாங்கம் அவனை வாரிசாக ஏற்கவில்லை. 1928-ல் மன்னர் பாரிஸ் நகரில் மறைந்தார். ஆறு வயது இராஜகோபாலத் தொண்டைமானுக்குப் பட்டம் போயிற்று.

மறுத்தவர்களின் மன்னர் என்ன செய்தார்? ஜெர்மனியோடு போர் நடந்த 1917-ல், ஐந்தாம் ஜார்ஜ் தம் குலத்தின் ஜெர்மன் பெயரை உதறிவிட்டு, விண்ட்சர் என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்!

தோழர்களே, குலப்பெயர் வானத்திலிருந்து விழுவதில்லை. அதிகாரம் கொடுத்தால் உண்டு, மறுத்தால் இல்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு இணைந்தது. மன்னர் பட்டங்களுக்கு இருந்த அங்கீகாரமும் 1971-ல் நீங்கியது. குலப்பெருமை பேசி நம்மைக் குனியச் சொல்வோருக்கு, இந்த வரலாற்றை நாம் நிமிர்ந்து நின்று சொல்வோம்.