பெயரைப் பறிகொடுத்த பென்ட்லி

சாலையில் ஒரு பென்ட்லி கார் போனால், திரும்பிப் பார்க்காதவர் இல்லை. கோடீசுவரர்களும் ராஜாக்களும் ஆசைப்பட்டு வாங்கிய கார் அது.

அந்தக் காருக்குத் தம் பெயரைக் கொடுத்த மனிதர், முதிய வயதில் என்ன கார் வைத்திருந்தார் தெரியுமா?

ஒரு சின்ன மோரிஸ் மைனர்!

தம் பெயரில் ஓடும் காரை அவர் வாங்கவில்லை. அந்தப் பெயரைத் தாம் செய்த வேறொரு காருக்குச் சூட்டவும் அவருக்கு உரிமை இல்லை. கோர்ட்டில் ஏலம் போன சொத்துக்களோடு அவருடைய பெயரும் போய்விட்டது.

அவர்தான் வால்டர் ஓவன் பென்ட்லி. நண்பர்களும் தொழிலாளர்களும் அவரை "டபிள்யூ. ஓ." என்றே அழைத்தார்கள்.

ரெயில்வே பட்டறையில்

1888-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் பென்ட்லி பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. வசதியான குடும்பம்.

சிறு வயதில் அவருக்கு ரெயில் இஞ்சின் மீதுதான் மோகம். பள்ளிப் படிப்பை 16 வயதோடு முடித்துக்கொண்டு, டான்காஸ்டர் நகரில் இருந்த கிரேட் நார்தர்ன் ரெயில்வே பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். தகப்பனார் 75 பவுன் கட்டிச் சேர்த்துவிட்டார்.

ஐந்து ஆண்டுகள் அங்கே வேலை பழகினார். வார்ப்படம், கடைசல், பொருத்துதல் என்று எல்லா வேலையும் கைக்கு வந்தது. இஞ்சினில் கரி அள்ளிப் போட்டும் பழகினார். இயந்திரத்தைக் காகிதத்தில் பார்த்தால் போதாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அங்கேதான் கற்றார்.

ஆனால், ரெயில்வேயில் முன்னேற நெடுங்காலம் ஆகும் என்று தெரிந்தது. இதற்குள் மோட்டார் சைக்கிள் பந்தய ஆசை வேறு வந்துவிட்டது. 1910-ல் ரெயில்வேயை விட்டார்.

250 டாக்சிகள்

அடுத்து அவருக்குக் கிடைத்த வேலை வேடிக்கையானது. லண்டனில் ஒரு டாக்சி கம்பெனி. அதில் 250 டாக்சிகள். அவற்றைப் பழுது பார்த்து, ஓடும் நிலையில் வைத்திருக்கும் பொறுப்பில் பென்ட்லி சேர்ந்தார்.

டாக்சி நின்றால் வருமானம் நின்றது. எந்தப் பாகம் எத்தனை மைலில் தேயும், எதை மாற்றினால் செலவு குறையும் என்று பார்ப்பதே அன்றாட வேலை. டிரைவர்கள் மீட்டரை ஏமாற்றச் செய்த தந்திரங்களைக் கண்டுபிடிப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்!

பின்னாளில் கோடீசுவரர்களுக்குக் கார் செய்தவர், பழுது பார்க்கும் கலையைப் பயின்றது இந்த டாக்சிக் கொட்டகையில்தான்.

மேஜை மேல் கிடந்த பிஸ்டன்

1912-ல் பென்ட்லியும் அவருடைய அண்ணனும் சேர்ந்து, டி. எப். பி. என்ற பிரெஞ்சுக் காரை லண்டனில் விற்கும் ஏஜன்சியை வாங்கினார்கள்.

நல்ல கார்தான். ஆனால், பெயர் இல்லாத கார். பந்தயத்தில் ஓட்டிக் காட்டினால் ஒழிய யார் வாங்குவார்கள்?

1913-ல் பென்ட்லி பாரிசுக்கு அருகே உள்ள அந்தத் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே மேஜை மேல் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு சின்ன பிஸ்டனை வைத்திருந்தார்கள். அது அலுமினியத்தில் செய்த அலங்காரப் பொருள்.

பென்ட்லியின் மூளையில் பொறி தட்டியது. இரும்பு பிஸ்டன் கனமானது. சூட்டை எளிதில் விடாது. அலுமினியமோ இலேசானது, சூட்டை விரைவில் கடத்திவிடும். அதையே இஞ்சினுக்குள் வைத்தால் என்ன?

உருகிவிடும், உடைந்துவிடும் என்று பலர் பயந்தார்கள். அலுமினியத்தோடு 12 சதவீதம் செம்பு கலந்து பிஸ்டன் செய்யச் சொன்னார் பென்ட்லி. உடையவில்லை, உருகவும் இல்லை. புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் அந்தச் சிறு கார் சாதனை மேல் சாதனை படைத்தது.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பென்ட்லி தம் ரகசியத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. நேரே கடற்படையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்போது பிரிட்டிஷ் போர் விமானங்களில் இருந்த கிளர்ஜே இஞ்சின், ஆகாயத்தில் சூடேறி மக்கர் செய்தது. இஞ்சின் நின்றால் விமானியின் உயிருக்கு ஆபத்து. பென்ட்லி பிரான்சில் இருந்த விமானத் தளங்களுக்கே போனார். விமானிகளிடமும் மெக்கானிக்குகளிடமும் குறைகளைக் கேட்டறிந்தார். பிறகு அலுமினிய சிலிண்டரும் பிஸ்டனும் கொண்ட புதிய இஞ்சினை அமைத்தார். அவர் பெயர் தாங்கிய அந்த இஞ்சின், புகழ் பெற்ற "சாப்வித் கேமல்" போர் விமானங்களில் பறந்தது.

போர் முடிந்ததும் அரசாங்கம் அவருக்கு 8,000 பவுன் பரிசு அளித்தது. ஆனால், 1919-ல் பரவிய விஷக் காய்ச்சலில் அவருடைய இளம் மனைவி இறந்துபோனார்.

துக்கத்தை வேலையில் மறந்தார் பென்ட்லி.

ஐந்து ஆண்டு உத்தரவாதம்

1919-ல் "பென்ட்லி மோட்டார்ஸ்" பிறந்தது. லண்டன் பேக்கர் தெரு அருகே ஒரு சந்தில், மாடிக் கொட்டகை ஒன்றில் முதல் இஞ்சினைப் பொருத்தினார்கள். அக்டோபரில் அது உயிர் பெற்று முழங்கியது. பக்கத்தில் இருந்த மருத்துவ விடுதியிலிருந்து, நோயாளி ஒருவர் சாகக் கிடக்கிறார், சத்தத்தை நிறுத்துங்கள் என்று ஆள் வந்ததாகச் சொல்வார்கள்.

முதல் கார் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர 1921 செப்டம்பர் ஆகிவிட்டது. இஞ்சினும் சட்டமும் மட்டும் 1,050 பவுன். மேல் கூண்டை வாங்குகிறவரே தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டும். அன்றைய வழக்கம் அது.

விலை அதிகம்தான். ஆனால், அதோடு ஒரு வாக்குறுதியும் இருந்தது. காருக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம்! டயர் வெடிப்பதும், நடுவழியில் நிற்பதும் சகஜமாக இருந்த அந்தக் காலத்தில் இது துணிச்சலான வாக்கு. தொழிற்சாலையின் தவறால் பழுது வந்தால், செலவும் தொழிற்சாலையின் தலையில்தான்.

இந்த வாக்கைக் காப்பாற்றும் வகையில்தான் 3 லிட்டர் இஞ்சின் அமைந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள், இரண்டு மாக்னெட்டோக்கள். ஒன்று கைவிட்டாலும் மற்றது காப்பாற்றும். சிலிண்டர்களையும் அவற்றின் மூடியையும் சேர்த்து ஒரே வார்ப்பாக வார்த்திருந்தார்கள். ஆகவே, இடையில் உள்ள தகடு புகைந்து ஒழுகும் தொல்லையே கிடையாது. ஆனால், வால்வைச் சாணை பிடிக்கவும் கரியைச் சுரண்டவும் சிலிண்டர் வார்ப்பு முழுவதையும் தூக்க வேண்டும். மெக்கானிக்குக்கு முதுகு வலிக்கும். காரின் சொந்தக்காரருக்குக் கவலை இல்லை.

பந்தயமே பரிசோதனை

1923-ல் பிரான்சில் லெ மான்ஸ் என்ற ஊரில் ஒரு புதுப் பந்தயம் தொடங்கினார்கள். 24 மணி நேரம், இரவு பகலாக ஓட்ட வேண்டும். ஜான் டஃப் என்பவர் தம் சொந்த பென்ட்லியில் கலந்துகொள்ள விரும்பினார்.

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றுதான் பென்ட்லிக்குத் தோன்றியது. இருந்தாலும் பார்க்கப் போனார்.

காரில் முன் சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை. சாலையில் பறந்த கற்கள் விளக்கை உடைத்தன. பெட்ரோல் தொட்டியில் ஓட்டை போட்டன. நடுவழியில் கார் நின்றது. கூட்டாளி பிராங்க் கிளெமன்ட், பெட்ரோல் டப்பாக்களோடு சைக்கிளில் போய், ஓட்டையை அடைத்து, காரை மீட்டு வந்தார். அப்படியும் அதிவேகச் சுற்று அவர்களுடையதே! நான்காவது இடமும் கிடைத்தது.

பென்ட்லி மனம் மாறினார். வாடிக்கையாளர் கையில் சில ஆண்டுகளில் தெரிய வரும் குறைகள், இங்கே ஒரே நாளில் வெளியே வந்துவிடுகின்றனவே!

அடுத்த ஆண்டு விளக்குக்கு வலை போட்டார்கள். தொட்டிக்குக் கவசம் கட்டினார்கள். நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது. 1924-ல் அதே டஃபும் கிளெமன்டும் முதல் பரிசு பெற்றார்கள்.

1927-ல் வந்தது பெரும் சோதனை. இரவில் ஒரு வளைவில் கார்கள் ஒன்றன் மேல் ஒன்று மோதின. மூன்று பென்ட்லிகளும் அதில் சிக்கின. இரண்டு நொறுங்கின. மூன்றாவது, அச்சு வளைந்து, விளக்கு உடைந்து தள்ளாடிக்கொண்டு வந்தது. சொந்தக் கையால் கிடைத்ததை வைத்துக் கட்டி, மழையில் மீண்டும் ஓட்டினார்கள். விடிந்து, மாலையில் பார்த்தால், வெற்றி அந்த முடக் காருக்கே!

லண்டனில் சவாய் ஓட்டலில் வெற்றி விருந்து நடந்தது. முக்கிய விருந்தாளி யார்? அந்த அடிபட்ட கார்தான். மண்டபத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

1928, 1929, 1930 ஆண்டுகளிலும் வெற்றி. 1929-ல் முதல் நான்கு இடங்களும் பென்ட்லிக்கே. ஐரோப்பாவே அதிசயித்தது.

கணக்குப் புத்தகம்

வெளியே வெற்றி முழக்கம். உள்ளே பணமுடை.

ஆரம்பத்திலிருந்தே கம்பெனிக்கு மூலதனம் போதவில்லை. செலவு பார்த்துக் கார் செய்யும் குணம் பென்ட்லிக்குக் கிடையாது. 1926-ல் தென் ஆப்பிரிக்க வைரச் சுரங்கச் செல்வத்துக்கு வாரிசான உல்ஃப் பர்னாட்டோ பணம் போட்டுக் கம்பெனியைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். அவரும் சாமானியர் அல்ல. 1928 முதல் 1930 வரை மூன்று ஆண்டும் லெ மான்ஸில் வென்றவர். ஆனால், அன்று முதல் பென்ட்லி தம் கம்பெனியிலேயே சம்பளக்காரர் ஆனார்.

இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர் சார்ஜரைப் பொருத்த வேண்டும் என்று பந்தய வீரர் பர்க்கின் பிடிவாதம் பிடித்தார். அது இஞ்சினின் இயல்பைக் கெடுத்துவிடும் என்று பென்ட்லி எதிர்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. அந்தக் கார் வேகத்தில் பேர் வாங்கியது. ஆனால் லெ மான்ஸில் வெல்லவே இல்லை.

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. உலகெங்கும் பண நெருக்கடி. அந்த நேரத்தில், 1930-ல், பென்ட்லி தம் மிகப் பெரிய காரான 8 லிட்டர் காரை வெளியிட்டார். மணிக்கு 100 மைல் போகும், சத்தமே இராது. ஆனால், வாங்க ஆள் எங்கே? செய்தது நூறே நூறு கார்கள்.

1931-ல் கடன் தவணை வந்தது. இனிப் பணம் போட பர்னாட்டோ மறுத்துவிட்டார். கம்பெனி ரிசீவர் கைக்குப் போனது.

நேப்பியர் கம்பெனி வாங்கப்போகிறது என்றே எல்லோரும் நம்பினார்கள். பென்ட்லி அவர்களுக்காகப் புதிய காரின் படமும் வரையத் தொடங்கிவிட்டார். ஆனால், கோர்ட்டில் யாரும் எதிர்பாராத ஒரு நிறுவனம் அதிக விலை கேட்டது. சுமார் 1¼ லட்சம் பவுனுக்குக் கம்பெனி கைமாறியது. வாங்கியது யார் என்று சில நாட்கள் வரை பென்ட்லிக்கே தெரியாது.

திரைக்குப் பின்னால் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ்! அவருடைய பெரிய போட்டியாளர்.

தொழிற்சாலை போயிற்று. பெயர் போயிற்று. அவர் ஓட்டிக்கொண்டிருந்த 8 லிட்டர் காரும் சொத்துக் கணக்கில் போயிற்று. வேலை ஒப்பந்தம் இருந்ததால், அவரும் அந்தச் சொத்தோடு சேர்ந்தே போக வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 43.

இன்னொருவர் வீட்டில்

ரோல்ஸ் ராய்ஸ் 1933-ல் வெளியிட்ட புதிய காரில் பென்ட்லியின் பெயர் இருந்தது. பென்ட்லியின் கைவண்ணம் இல்லை. காரை ஓட்டிப் பார்த்துக் குறை நிறை சொல்வதே அவர் வேலை. அந்தக் கார் நன்றாகவே இருந்தது. அதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது.

1935-ல் ஒப்பந்தம் முடிந்ததும் லகோண்டா கம்பெனிக்குப் போனார். அங்கே 12 சிலிண்டர் இஞ்சின் ஒன்றைப் படைத்தார். 1939-ல் அந்தக் கார்கள் லெ மான்ஸில் மூன்றாவது, நான்காவது இடங்களைப் பிடித்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பென்ட்லியின் பெயரைத் தம் காரோடு சேர்த்துக்கொள்ள லகோண்டா விரும்பியது. ரோல்ஸ் ராய்ஸ் வழக்குப் போட்டது. லகோண்டா தோற்றது. தகப்பனார் வைத்த பெயரை, தாம் படைத்த காருக்கு வைக்க அவருக்கு உரிமை இல்லை என்று ஆகிவிட்டது.

ஆனாலும், திறமையை எந்தக் கோர்ட்டும் பறிக்க முடியாதே! அவர் மேற்பார்வையில் உருவான 2.6 லிட்டர் இஞ்சின், பிறகு ஆஸ்டன் மார்ட்டின் கார்களில் ஏறிப் பெரும் புகழ் பெற்றது.

நூறு ஆண்டு கடந்தும்

முதுமையில் அவரைத் தேடி வந்தவர்கள், அவர் செய்த பழைய கார்களின் சொந்தக்காரர்கள். 1936-ல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். எண்ணெய் மாற்றி, கிரீஸ் இட்டு, தேய்ந்த பாகத்தைக் கடைந்து பொருத்தி, அந்தக் கார்களைக் குழந்தைபோல் வளர்த்தார்கள். பென்ட்லி அவர்களுக்குத் தலைவர் போல் விளங்கினார். அவர்கள் கூட்டங்களுக்குத் தம் சின்னக் காரில் அமைதியாக வருவார். தமக்கு நேர்ந்ததைச் சொல்லி அழும் வழக்கம் அவரிடம் இல்லை.

1971 ஆகஸ்ட் 13-ந் தேதி, 82-வது வயதில் அவர் காலமானார். குழந்தைகள் இல்லை.

அந்தப் பெயர் அதன் பிறகும் கை மாறியது. 1998-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி அதை வாங்கியது.

பென்ட்லி தம் சொந்தத் தொழிற்சாலையில் செய்த கார்கள் 3,000-க்குச் சற்று அதிகம். அவற்றில் நூற்றுக்கணக்கானவை இன்றும் சாலையில் ஓடுகின்றன. ஐந்து ஆண்டுகளுக்குத்தான் அவர் வாக்குக் கொடுத்தார். நூறு ஆண்டு ஆன கார்களும் அந்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன.