பாய் விரித்த பொறியாளர்

ராமானுஜன் கதை நம்ம பாலிடெக்னிக்கில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையில் ஓரமாக ஒரு வெள்ளைக்காரத் துறைமுகச் சேர்மன் வந்து போவார். சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்று பேர். எல்லாரும் அவரை ரெண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். சிவில் படிக்கிற எனக்கு அது போதவில்லை நண்பர்களே!

1849ல் பிறந்த ஐரிஷ்காரர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்துவிட்டு 1870ல் இந்திய அரசின் பொறியாளர் பணிக்கு வந்தார். பல வருடம் ரயில்வே வேலை. பெரிய ஆறுகள் பாலத்துக்குக் கீழே ஒழுங்காகப் போகாது. இடம் மாறி மாறிக் கரையைத் தின்னும். இரண்டு பக்கமும் கரை கட்டி ஆற்றை வழிக்குக் கொண்டுவரும் 'கைடு பேங்க்' முறை பற்றி 1903ல் ஒரு நூலே எழுதினார். மறுவருடம், 1904ல், மெட்ராஸ் துறைமுகத்துக்குச் சேர்மன். ஆற்றோடு மல்லுக்கட்டியவருக்கு இப்போது கடல்!

நம்ம மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிறு போட்டுத் தைத்த மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரணும். கல் சுவர் எழுப்பிக் கட்டிய துறைமுகத்தை 1881 புயல் உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். ஆனால் வாசல் நேர் கிழக்கே பார்த்து இருந்தது. அலை அப்படியே உள்ளே வரும், கட்டிய கப்பல் ஆடும். ஸ்பிரிங் காலத்தில் அந்தக் கிழக்கு வாசல் மூடப்பட்டது. வடகிழக்கில் புது வாசல் திறந்து, அதை மறைக்க ஒரு சுவரும் நீட்டினார்கள். வீட்டு வாசலை மாற்றுகிற மாதிரி சுலபமா என்ன?

உள்ளே தண்ணீர் அடங்கியது. 1911ல் அவர் ஒரு பாய்மரப் படகு கிளப்பை ஆரம்பித்தார். அதுதான் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். யாட் பந்தயம் என்றால் பலம் காட்டுகிற போட்டி இல்லை. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. ஒரு பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம், அடுத்த பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் ஏறணும். எங்கே திரும்புகிறோம் என்பதில்தான் ஜெயிப்பதும் தோற்பதும். காலையில் தரைக்காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று என்று மாறும் நம்ம கரையில் இது நல்ல மூளை வேலை. (நம்ம கட்டுமரக்காரர்களுக்கு இது கிளப் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தெரியும். அவர்களுக்குக் கோப்பை கொடுக்கத்தான் ஆள் இல்லை!)

1912 மார்ச்சில் 30 ரூபாய் சம்பளத்துக்கு ராமானுஜன் அங்கே கிளார்க்காகச் சேர்ந்தார். மேனேஜர் நாராயண ஐயர் நோட்டுப் புத்தகங்களின் அருமை தெரிந்தவர். அவர் சொல்லைக் கேட்டு, ஒரு சாதாரண கிளார்க்குக்காக ஸ்பிரிங் பெரிய இடங்களுக்குக் கடிதம் எழுதினார். 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது அந்த நோட்டுகள் அவர் கைக்குப் போயின. வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுத, மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. நல்ல ஆளை மேஜையோடு கட்டிப் போடாமல் அனுப்பிவைத்த அதிகாரி! சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஆனால் மணல் மட்டும் அவருக்கு அடங்கவில்லை. இந்தக் கரையில் வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. கடல் கரையைத் தின்றது. ஸ்பிரிங் இதை அறியாதவர் இல்லை. துறைமுகத்துப் பக்க மணல் ஓட்டத்தைப் பற்றியே கட்டுரை எழுதியவர். 1919ல் பதவி விட்டுப் போனார், 1933ல் காலமானார்.

துறைமுகத்துக்குள் அவர் பேரில் ஸ்பிரிங்ஹேவன் வார்ஃப் இருக்கிறது. ராயபுரம் தாண்டி எங்கள் பக்கம் வந்தால், மணல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கும்.