ஐந்து கினி

கிரிக்கெட் பைத்தியத்துக்கு நம் கல்லூரியில் எந்த பேட்சிலும் குறைவில்லை. ஆனால் சோபர்ஸ், ரிச்சர்ட்ஸ், லாரா என்று மூச்சு விடாமல் பேசுகிறவர்களிடம் லியரி கான்ஸ்டன்டைன் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். இத்தனைக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் முதல் பெரிய ஆல்ரவுண்டர் அவர்தான். இந்த மலருக்கு அவரை நான் எடுத்துக்கொண்டது கிரிக்கெட்டுக்காக மட்டும் அல்ல, ஒரு ஹோட்டல் ரூமுக்காக.

1901 செப்டம்பர் 21 அன்று டிரினிடாட் தீவில் பிறந்தார். அடிமைகளாக வாழ்ந்தவர்களின் வம்சம். அப்பா லெப்ரன் ஒரு கோகோ தோட்டத்தில் மேஸ்திரி. அவரும் நல்ல ஆட்டக்காரர், 1900 இல் இங்கிலாந்துக்குப் போய் லார்ட்ஸில் சதம் அடித்தவர். மகன் பள்ளி முடித்து வக்கீல் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தார். வேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால் அந்தக் காலத்து டிரினிடாடில் கறுப்பு இளைஞன் கிளார்க்காக நுழைந்தால் கிளார்க்காகவே இருந்துவிட வேண்டியதுதான். சட்டப் படிப்பு ஆசையை மடித்து உள்ளே வைத்துவிட்டு மட்டையைக் கையில் எடுத்தார்.

1928 ஜூனில் லார்ட்ஸில் மிடில்செக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். 79 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் இறங்கி, ஒரு மணி நேரத்துக்குள் 86 அடித்தார். அடுத்து பந்து வீசி 57 ரன்னுக்கு 7 விக்கெட். கடைசி இன்னிங்ஸில் மீண்டும் 5 விக்கெட் போன பிறகு வந்து 103 அடித்து ஜெயிக்க வைத்தார். 18 டெஸ்டில் 635 ரன், 58 விக்கெட் என்ற கணக்கைப் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும். அவர் பீல்டிங் செய்வதைப் பார்க்கவே கூட்டம் வரும் என்பார்களே, அது எந்த ஸ்கோர்கார்டிலும் ஏறாது.

அந்த ஆட்டத்தின் புகழால் 1929 இல் லங்காஷயரில் நெல்சன் என்ற நெசவாலை ஊரின் கிளப் அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது. அந்த ஊரில் பலர் அதற்கு முன் கறுப்பு மனிதரை நேரில் பார்த்ததே இல்லை. குழந்தைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். வசைக் கடிதங்களும் வந்தன. ஒரு சீசனோடு மூட்டை கட்டலாமா என்று அவர் யோசித்தபோது, மனைவி நார்மாதான் இருந்து பார்ப்போம் என்று நிறுத்தினார். ஒன்பது சீசனில் ஏழு முறை நெல்சன் லீக் பட்டம் வென்றது. ஊர் அவரைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. இடையில் நம் ஹைதராபாத்துக்கும் வந்து மொயின்-உத்-தௌலா கோப்பையில் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்.

இனி ரூம் கதை. இரண்டாம் உலகப் போரில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து டெக்னீஷியன்களை வரவழைத்து லிவர்பூல் பக்கத்து ஆயுதத் தொழிற்சாலைகளில் அமர்த்தினார்கள். அவர்களைக் கவனிக்கும் நல அதிகாரியாகத் தொழிலாளர் அமைச்சகம் கான்ஸ்டன்டைனை நியமித்தது. கறுப்பர் வேண்டாம் என்ற முதலாளியிடம் பேசுவது, யூனியனைச் சமாதானம் செய்வது, தங்க இடம் தேடிக் கொடுப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. வெளியூர் சைட்டில் வேலை பார்த்த நம்மில் பலருக்கு இந்தக் கடைசி வேலை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

1943 ஜூலை 30 அன்று, லார்ட்ஸில் ஓர் ஆட்டத்துக்காக, மனைவி மகளோடு லண்டனில் ரஸ்ஸல் சதுக்கத்தின் இம்பீரியல் ஹோட்டலுக்கு வந்தார். நான்கு இரவுக்கு முன்பதிவு செய்து 2 பவுண்டு முன்பணமும் கட்டியாகிவிட்டது. நிறம் ஒரு பிரச்சினை ஆகுமா என்று முன்னாலேயே விசாரித்து, ஆகாது என்ற பதிலும் வாங்கியாகிவிட்டது. வந்து இறங்கிய பிறகு, ஒரே ஒரு இரவுதான் என்றார்கள். ஹோட்டலில் தங்கியிருந்த அமெரிக்கர்களுக்குப் பிடிக்காதாம்! அவருடைய மேலதிகாரி வாட்சன் ஓடி வந்து, இவர் அரசு அதிகாரி, பிரிட்டிஷ் பிரஜை என்று வாதாடினார். நிர்வாகி அம்மாள் கேவலமான வார்த்தையால் மறுத்தார். கடைசியில் வாட்சன் சமாதானம் சொல்லி, அதே முதலாளிகளின் பெட்போர்ட் ஹோட்டலுக்கு அவர்களை அழைத்துப் போனார். அங்கே மரியாதையாகவே நடத்தினார்கள்.

கவனியுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, மற்ற வாடிக்கையாளர்களுக்குத்தான் என்பது தந்திரமான பதில். பழி யார் தலையிலும் நிற்காது. வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தைக் காட்டுவார், ஹோட்டல்காரர் கஸ்டமரைக் காட்டுவார்.

கான்ஸ்டன்டைன் கோர்ட்டுக்குப் போனார். ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ்? நிறம் பார்த்து ஒதுக்குவது குற்றம் என்று இங்கிலாந்தில் அன்று சட்டமே கிடையாது. வக்கீல்கள் பல நூற்றாண்டுப் பழைய சத்திர விதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள்: பயணி கையில் காசும் சத்திரத்தில் இடமும் இருந்தால், தகுந்த காரணம் இல்லாமல் சத்திரக்காரர் விரட்டக் கூடாது. தானாகவே போனார், எங்கள் இன்னொரு ஹோட்டலில்தானே தங்கினார் என்றது எதிர்த்தரப்பு. நீதிபதி பர்கெட் அதை ஏற்கவில்லை. 1944 ஜூனில் தீர்ப்பு கான்ஸ்டன்டைனுக்குச் சாதகமாக வந்தது. நஷ்ட ஈடு ஐந்து கினி, அதாவது 5 பவுண்டு 5 ஷில்லிங். பண நஷ்டம் எதுவும் இல்லாததால், பட்ட அவமானத்துக்கு அதற்கு மேல் கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை.

இதற்குப் போய் இவ்வளவு அலைச்சலா என்று கேட்கலாம். என் கணக்கில் அது அவர் 1928 இல் அடித்த சதத்தை விடப் பெரியது. பெயரும் பதவியும் உள்ள ஒருவர் அன்று பேசாமல் பெட்போர்டில் படுத்துத் தூங்கியிருந்தால், அவர் கவனிப்பில் இருந்த டெக்னீஷியன்கள் எதைக் காட்டி நியாயம் கேட்பார்கள்? ஆனால் அந்த விதிக்கு எல்லை உண்டு. சத்திரம் என்ற கணக்கில் வராத போர்டிங் வீடுகள் பழையபடியே கதவைச் சாத்தலாம். சாத்தவும் செய்தன.

மடித்து வைத்த சட்டப் படிப்பை மறுபடி எடுத்து 1954 இல், 50 வயதைத் தாண்டிய பிறகு, பாரிஸ்டர் ஆனார். டிரினிடாடுக்குத் திரும்பி அமைச்சரானார். 1961 இல் அந்நாட்டுத் தூதராக லண்டன் வந்தார். 1963 இல் பிரிஸ்டல் பஸ் கம்பெனி கறுப்பரையும் ஆசியரையும் கண்டக்டர் வேலைக்கு எடுக்காதபோது, தூதர் பதவியை ஓரம் வைத்து நேரில் போய்ப் பேசினார். கம்பெனி பணிந்தது. முதலில் வேலைக்கு வந்தவர் ஒரு சீக்கியர். ஆனால் இன்னொரு நாட்டு விவகாரத்தில் தலையிட்டது அவருடைய சொந்த அரசுக்கு ருசிக்கவில்லை. 1964 இல் பதவியை விட்டார்.

ஹோட்டல், உணவகம், மதுக்கடைகளில் நிறமும் இனமும் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1965 இல்தான் அங்கே வந்தது. நம் அரசியல் சட்டத்தின் 15 ஆவது பிரிவு கடைக்கும் ஹோட்டலுக்கும் அதை 1950 இலேயே எழுதிவிட்டது. (எழுதிய பிறகும் நம் டீக்கடைகளில் இரட்டைத் தம்ளர் தொங்கிய கதை நமக்குத் தெரியும்.) அந்தச் சட்டத்தை அமல்படுத்த அமைந்த வாரியத்தின் முதல் மூன்று உறுப்பினர்களில் கான்ஸ்டன்டைன் ஒருவர். வேலைக்கும் வீட்டுக்கும் அதை நீட்டிக்க 1968 வரை ஆயிற்று.

1969 இல் பிரபுக்கள் சபைக்குப் போன முதல் கறுப்பர் ஆனார். பட்டத்தோடு ஊர்ப்பெயர் சேர்க்க வேண்டும். டிரினிடாடின் மராவலோடு நெல்சனையும் சேர்த்துக்கொண்டார். 1971 ஜூலை 1 அன்று லண்டனில் காலமானார். உடலை டிரினிடாடுக்குக் கொண்டுபோய் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இரண்டு மாதத்தில் நார்மாவும் போய்ச் சேர்ந்தார்.