சாக்ஸபோன் தந்த சான்றோர்

சாக்ஸபோனின் நாதத்தில் திளைக்கும் நம்மில், அதனை ஆக்கியவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே.

பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814-இல் பிறந்த அடால்ப் சாக்ஸ், இசைக்கருவி செய்யும் தந்தையிடமே தொழில் பயின்றார். பித்தளைக் குழலின் வன்மையும் மரக்குழலின் மென்மையும் ஒருங்கே அமைந்த கருவியை அவர் உள்ளம் நாடியது. நம் நாகசுரம் போன்றே கூம்பிய குழல். அதில் ஒற்றை நாணற் சீவாளி. 1842-இல் பாரிசில் குடியேறிய அவர், 1846-இல் அங்கே காப்புரிமை பெற்றார்.

போட்டியாளர் சும்மா இருந்தாரல்லர்; வழக்குமேல் வழக்குத் தொடுத்தனர். மும்முறை திவாலானார். உதட்டுப் புற்றும் வாட்டியது, அதினின்றும் மீண்டார்.

அவர் காலத்து டெனார் சாக்ஸபோனின் ஊதுவாய் உள்ளே அகன்றிருந்தமையால் நாதம் உருண்டு குழைந்தது. 20-ஆம் நூற்றாண்டில், பெரிய வாத்தியக் குழுக்களின் முழக்கத்தை மீறி ஒலிக்க வேண்டி, அவ்வறையைக் குறுக்கினர், ஒலி கூர்மையுற்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர் வேற்றுமையை எளிதில் உணர்வர்.

1894-இல் பாரிசிலேயே வறியவராய் மறைந்தார். பின்னாளில் கத்ரி கோபால்நாத் ஆல்ட்டோ சாக்ஸபோனில் கருநாடக இசை பொழியக் கேட்டோம். குடிபெயர்ந்தவரின் உழைப்பு, குடிபுகுந்த நாட்டையும் கடந்து வாழ்கின்றது.