குரலால் ஆண்டவர், குடியால் மாண்டவர்

நாடக உலகின் முடிசூடா மன்னர் எஸ்.ஜி.கிட்டப்பாவின் கதை

மைக் இல்லாத காலம் அது. ஒலிபெருக்கி என்றால் என்னவென்றே ஜனங்களுக்குத் தெரியாது.

ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆயிரக்கணக்கான பேர். முன்னால் நாற்காலி, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் மண் தரை. இரவு மணி பத்து ஆகிவிட்டது. குழந்தைகள் அழுகின்றன. முறுக்கு விற்பவன் கூவுகிறான். ஒரே இரைச்சல்!

அப்போது திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் கிளம்பும். மேலே, மேலே, இன்னும் மேலே என்று ஏறும். கொட்டகை அப்படியே அடங்கிவிடும். மண் தரையில் கடைசியில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் செங்கோட்டை கிட்டப்பா. தமிழ்நாடு முழுவதையும் தம் பாட்டால் கட்டிப் போட்டவர். ஆனால் அவர் வாழ்ந்தது 27 ஆண்டுகள்தான்.

செங்கோட்டைச் சிறுவன்

கிட்டப்பா பிறந்தது 1906-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி. ஊர் செங்கோட்டை. அப்போது அது திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-ல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது.

தந்தை கங்காதர அய்யர். தாயார் மீனாட்சி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். "கிட்டப்பா" என்பது வீட்டில் செல்லமாக அழைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

குடும்பத்தில் வறுமை. பிள்ளைகள் பலர். பள்ளிக்கூடம் அனுப்ப வழி இல்லை. அந்த நாளில் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் குரல் நன்றாக இருந்தால் ஒரு வழி உண்டு. நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடுவார்கள். சோறு கிடைக்கும், துணி கிடைக்கும், தொழிலும் கிடைக்கும்.

கிட்டப்பாவும் அவருடைய சகோதரர்களும் அப்படித்தான் நாடகத்துக்கு வந்தார்கள். நாடகத் தந்தை என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம். ஆறு வயதுப் பிள்ளை மேடையில் ஏறிப் பாடினான். கேட்டவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

பெரிய வித்துவானிடம் வருடக்கணக்கில் உட்கார்ந்து அவர் சங்கீதம் கற்றுக்கொள்ளவில்லை. காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்வார். ஒரு முறை கேட்டால் போதும். சங்கீத வித்துவான்களே கொட்டகைக்கு வந்து அவர் பாட்டைக் கேட்டுத் தலை அசைத்தார்கள்.

கன்னையா கம்பெனி

அந்த நாளில் நாடகக் கம்பெனிகளில் பெரிய பெயர் கன்னையா கம்பெனி. ஸ்ரீ கிருஷ்ண விநோத சபா என்பது அதன் பெயர். பளபளக்கும் ஜரிகை உடைகளும், கண்ணைப் பறிக்கும் காட்சிகளும் அந்தக் கம்பெனியின் சிறப்பு.

கிட்டப்பா அதில் சேர்ந்தார். "தசாவதாரம்" நாடகத்தில் மோகினியாக வந்தார். பரதனாக வந்தார். பெண் வேடத்தில் அவரைப் பார்த்தவர்கள் பெண் என்றே நம்பினார்களாம். பரதனாக வந்து அழுது பாடினால் கொட்டகையே அழுதது. அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிப்பார். அண்ணன் விரலும் தம்பி குரலும் போட்டி போடும்.

1924-ல் கிட்டப்பாவுக்குக் கலியாணம் நடந்தது. மணப்பெண்ணின் பெயர் கிட்டம்மாள். கதை முழுவதும் இந்த அம்மாளை மறந்துவிடக் கூடாது. ஊரார் பேச்சில் இவர் பெயர் அதிகம் வரவில்லை. துன்பத்தில் மட்டும் இவருக்கும் பங்கு இருந்தது.

கொடுமுடிக் குயில்

நம் கொங்கு நாட்டில், காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. அருள்புரத்தில் இருந்து புறப்பட்டால் காங்கயம் வழியாகப் போய்ச் சேரலாம். அந்தக் கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர் சுந்தராம்பாள்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பாலாம்பாள் குழந்தைகளை வைத்துக்கொண்டு தவித்தார். பசி தாங்காமல் சுந்தராம்பாள் ரெயிலில் பாடினார் என்று சொல்வார்கள். அந்தக் குரலைக் கேட்டவர்கள் அவரை நாடகத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கிட்டப்பாவுக்கும் சுந்தராம்பாளுக்கும் இதில் ஓர் ஒற்றுமை. இரண்டு பேரையும் மேடைக்குக் கொண்டு வந்தது வறுமை. இரண்டு பேரையும் வாழ வைத்தது குரல்.

கொழும்பில் சந்திப்பு

1926-ம் ஆண்டு வாக்கில் இருவரும் இலங்கையில் சந்தித்தார்கள். கொழும்பு நகரத் தமிழர்களுக்குத் தமிழ் நாடகம் என்றால் உயிர். சுந்தராம்பாள் அங்கே ஏற்கெனவே புகழ் பெற்றிருந்தார்.

அவரோடு சேர்ந்து நடிக்கக் கிட்டப்பா போனார். இரண்டு பக்கமும் பயமுறுத்தினார்கள். அந்தப் பெண்ணின் குரலுக்கு ஈடு கொடுக்க முடியாது என்று இவரிடம் சொன்னார்கள். கிட்டப்பாவோடு பாடினால் பெயர் கெட்டுவிடும் என்று அவரிடம் சொன்னார்கள்.

நாடகம் "வள்ளி திருமணம்". சுந்தராம்பாள் வள்ளி. கிட்டப்பா வேலன், வேடன், விருத்தன். தினைப்புனத்தில் வள்ளி பரண் மேல் நிற்பாள். வேடன் வந்து வம்பு பேசுவான். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல். ஒருவர் ஏறிய உயரத்துக்கு மற்றவர் ஏறுவார். ஜனங்கள் விடியும் வரை எழுந்திருக்கவில்லை.

மேடையில் தொடங்கிய போட்டி அன்பாக மாறியது. 1927-ல் இருவரும் வாழ்க்கையில் இணைந்தார்கள். அவர் ஏற்கெனவே மணமானவர். சாதியும் வேறு. கைவிட மாட்டேன் என்று அவர் கொடுத்த வாக்கை நம்பி சுந்தராம்பாள் சம்மதித்தார்.

இருவரும் சேர்ந்து சொந்தமாக நாடகக் கம்பெனி நடத்தினார்கள். பெயர் ஸ்ரீ கானசபா. ஊர் ஊராக நாடகம். காண்டிராக்டர்கள் போட்டி போட்டு அழைத்தார்கள். இருவர் பெயரும் நோட்டீசில் சேர்ந்து வந்தால் கொட்டகை நிரம்பி வழியும். கிராமபோன் பிளேட்டுகளும் விற்றுத் தீர்ந்தன.

கிட்டப்பா கதர் உடுத்தினார். மேடையில் தேசியப் பாட்டுகளும் பாடினார். வெள்ளைக்காரன் ஆட்சியில் அதற்குத் துணிச்சல் வேண்டும். அப்போது நம் திருப்பூர்தான் தமிழ்நாட்டுக் கதருக்குத் தலைநகரம் போல இருந்தது. பனியன் தொழில் பெருகியது அதற்குப் பிறகுதான்.

இரண்டு கட்சி

இவ்வளவும் ஒரு பக்கம். மறு பக்கமும் இருந்தது.

கிட்டப்பா முன்கோபக்காரர். சந்தேகப் புத்தியும் உண்டு. யாராவது ஏதாவது சொன்னால் அப்படியே நம்பிவிடுவார். கோபம் வந்தால் பல நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

சுந்தராம்பாள் தாய்மை அடைந்தார். கொடுமுடியில் இருந்து கணவருக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களில் சில பின்னாளில் வெளிவந்தன. அன்பு, கோபம், கெஞ்சல், குத்தல் எல்லாம் அவற்றில் உண்டு. ஆண் குழந்தை பிறந்தது. சில நாட்களில் இறந்துவிட்டது. அந்தத் துயரமான நேரத்தில் கணவர் பக்கத்தில் இல்லை.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

அவர் பாட்டைக் கேள், வீட்டு விவகாரம் நமக்கு எதற்கு என்றார்கள் ஒரு கட்சியார். இப்படிப்பட்ட குரல் ஆயிரம் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும், கோபமும் தாபமும் மேதைகளுக்கு இயற்கை என்றார்கள்.

மேடையில் வள்ளிக்காக உருகுகிறவர் வீட்டில் வள்ளியைக் கலங்க வைக்கலாமா என்றார்கள் மறு கட்சியார். அது என்ன நியாயம் என்று கேட்டார்கள்.

காப்பிக் கடையில் இதே பேச்சு. வண்டிப் பேட்டையில் இதே பேச்சு. ஆனால் மறுநாள் கிட்டப்பா நாடகம் என்றால் இரண்டு கட்சிக்காரர்களும் டிக்கட் வாங்கிக்கொண்டு முதலில் போய் உட்கார்ந்தார்கள்! திட்டியவர்களும் அவர் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கினார்கள்.

அருள்புரத்தில் இப்போதும் பாட்டு ஒலிக்கிறது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓடும்போது செல்போனில் பாட்டு ஓடுகிறது. பாடியவர் நல்லவரா கெட்டவரா என்ற வாதமும் நடக்கிறது. ஆளும் பாட்டும் மாறியிருக்கலாம். வாதம் பழையதுதான்.

குடி வந்து சேர்ந்தது

நாடகக்காரருக்கு இரவுதான் பகல். விடியற்காலையில் மேடையை விட்டு இறங்கும்போது உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். மனமோ கைதட்டலில் மிதக்கும். அந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் கிண்ணத்தை நீட்டுவார்கள்.

அப்போது மதுவிலக்கு கிடையாது. சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்குக் கொண்டு வந்ததே 1937-ல்தான். கிட்டப்பாவுக்குக் குடி பழக்கமாயிற்று. பிறகு அவரையே விழுங்க ஆரம்பித்தது. சாப்பாடு குறைந்தது. வயிற்றில் நோய் வந்தது. மருந்து சாப்பிட்டார். கொஞ்சம் குணமானது. மறுபடியும் குடித்தார்.

குரல் மட்டும் கெடவில்லை. அதுதான் பெரிய ஆபத்தாகப் போயிற்று! குரல் கெட்டிருந்தால் காண்டிராக்டர் விட்டிருப்பார். ரசிகர்கள் விட்டிருப்பார்கள். அவரும் பயந்து நிறுத்தியிருக்கலாம். குரல் கணீரென்று இருந்ததால் உள்ளே உடம்பு அரித்துப் போவது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களும் அடுத்த நாடகத்துக்குத் தேதி குறித்தார்கள்.

1933-ம் ஆண்டு அக்டோபர் மாதம் திருவாரூரில் நாடகம். நோயோடுதான் மேடை ஏறினார். உடம்பு தாங்கவில்லை. அதுவே கடைசி மேடையாயிற்று.

அந்த ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கும் அவருக்கும் இருந்த பிணக்கு முழுவதும் தீரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. தமிழ்ப் பேசும் படம் வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவர் நடிப்பை இன்று யாரும் பார்க்க முடியாது. சில புகைப்படங்களும் இசைத்தட்டில் அடைபட்ட அந்தக் குரலும்தான் மிச்சம்.

வெள்ளைப் புடவை

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்றே வெள்ளைப் புடவை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். சில காலம் மேடைப் பக்கமே வரவில்லை. பெரியவர்கள் வற்புறுத்திய பிறகுதான் மீண்டும் பாட வந்தார்.

"நந்தனார்" படத்தில் நடிக்கக் கூப்பிட்டார்கள். தட்டிக் கழிப்பதற்காக ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். படமுதலாளி சரி என்றுவிட்டார்! 1935-ல் வந்த அந்தப் படத்தில் நந்தனாராக ஆண் வேடத்திலேயே நடித்தார். பிறகு 1953-ல் "ஔவையார்", 1965-ல் "திருவிளையாடல்". தமிழ்நாட்டில் ஔவை என்றால் அந்த முகம்தான் ஞாபகத்துக்கு வரும். 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1980-ல் காலமானார். கணவர் இறந்த பிறகு அவர் வாழ்ந்தது சுமார் 47 ஆண்டுகள். அவ்வளவு நாளும் வெள்ளைப் புடவைதான்.

ஊரார் இதைக் காதலின் பெருமை என்று புகழ்கிறார்கள். பெருமைதான். ஆனால் ஒருவர் குடித்ததற்கு இரண்டு பெண்கள் ஆயுள் முழுவதும் விலை கொடுத்தார்கள் என்பதும் உண்மை. சுந்தராம்பாளின் துயரத்தை நாடு பார்த்தது. கிட்டம்மாளின் துயரத்தை யார் பார்த்தார்கள்?

பாட்டுக்குக் குடி தேவையா?

கிட்டப்பாவைப் போலப் போனவர்கள் இன்னும் உண்டு. இந்திப் பட உலகில் பாட்டு மன்னராக விளங்கிய கே.எல்.சைகல் குடிக்கு அடிமையாகி 1947-ல் இறந்தார். வயது 42. மேல்நாட்டில் ராக் இசை பாடி இளைஞர்களைக் கிறங்க வைத்தவர்களில் ஜிமி ஹெண்ட்ரிக்சும் ஜானிஸ் ஜாப்ளினும் 1970-லும், ஜிம் மாரிசன் 1971-லும் மாண்டார்கள். மதுவும் போதைப் பொருளும் அவர்கள் வாழ்வைச் சீரழித்திருந்தன. மூவருக்கும் வயது 27. கிட்டப்பாவுக்கும் அதே வயது!

இதைப் பார்த்துச் சிலர், போதை இருந்தால்தான் பாட்டு வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. கிட்டப்பா ஆறு வயதில் மேடை ஏறிக் கேட்டவர்களை மயக்கினார். அப்போது அவர் குடித்தா பாடினார்? குரல் பிறவியிலேயே வந்தது. உழைப்பால் வளர்ந்தது. குடி பின்னால் வந்தது. அது ஒரு பாட்டைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் பாடியிருக்க வேண்டிய பாட்டுகளை எடுத்துக்கொண்டு போயிற்று.

ஆகவே பழைய ரசிகர்களின் இரண்டு கட்சியிலும் உண்மை இருக்கிறது. அந்தப் பாட்டை ரசிப்பதில் குற்றம் இல்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காகச் செய்த தவறை மூடி மறைப்பதுதான் குற்றம். கைதட்டியவர்களில் நாலு பேர் கிண்ணத்தைத் தட்டிவிட்டிருந்தால், அவர் இன்னும் முப்பது ஆண்டு பாடியிருக்கலாம்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவை இல்லை. நல்ல கைத்தொழில்காரர், தங்கமான மனிதர், குடி ஒன்றுதான் குறை என்று நாம் சொல்கிற ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கிட்டப்பாவைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த ஒரு குறைதான் அவரைக் கொண்டு போயிற்று.